காரை இறக்கிய பிறகு முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. அலைன்மென்ட் பச்சை காட்டுகிறதே, கேம்பர் கிட் போடணுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஸ்விஃப்ட், 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங், 185/65 ஆர்15 டயர். 8,000 கி.மீ. ஓடியதும் முன் டயர் இரண்டும் உள்ஓரத்தில் மொட்டை, வெளிப்பக்கத்தில் பட்டன் (டயரின் ரப்பர் கட்டைகள்) அப்படியே இருக்கிறது. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது) செய்த இடத்தில் "எல்லாம் பச்சை சார், கேம்பர்தான் தின்னுது, கிட் போடுங்க" என்கிறார்கள்.

கோவையில் ஒரு டயர் கடையில் அலைன்மென்ட் மெஷின் பார்ப்பதுதான் என் வேலை. இறக்கிய வண்டிகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. என் பதில்: கிட்டுக்கு, அதாவது கேம்பரைத் திருத்தும் பாகங்களுக்கு, இப்போது பணம் கட்டாதீர்கள். அவர்கள் கொடுத்த பிரிண்ட் அவுட்டை எடுத்து, முன்சக்கர டோ என்ற வரியைப் பாருங்கள்.

கேம்பர் என்பது சக்கரத்தின் சாய்வு; மேல்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்து நின்றால் அது மைனஸ் கேம்பர். காரை இறக்கினால் அது கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி மைனஸ் கேம்பர் மட்டும் 8,000 கி.மீ.-யில் டயரை மொட்டையடிக்காது. டோ சரியாக இருந்தால் அந்த அளவு கேம்பரோடு டயர் நிதானமாகவே தேயும். டோ அப்படியில்லை. சக்கரம் போகும் திசைக்கும் அது பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம் அது. அழிரப்பரைத் தாள்மேல் உருட்டினால் ஒன்றும் ஆகாது, தேய்த்து இழுத்தால் தூள் கொட்டும் இல்லையா, அதே கதைதான்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு சக்கரம் 0°12' வெளியே திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 0.2 டிகிரி. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. 8,000 கி.மீ.-க்கு 28 கி.மீ.! அதே நேரத்தில் கேம்பரால் பாரம் உள்ஓரத்தில் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. தேய்ப்பது டோ, எந்த இடத்தில் தேய வேண்டும் என்று காட்டிக்கொடுப்பது கேம்பர். பழி மட்டும் முழுசாகக் கேம்பருக்குப் போய்விடுகிறது.

(பிரிண்ட் அவுட்டில் 0°12' என்றால் 12 நிமிடம். அதை 0.12 டிகிரி என்று படித்துவிடாதீர்கள். மெஷின் ஓட்டுகிறவர்களே இதில் குழம்புவதுண்டு.)

டயரைக் கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம். உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரி கையைப் பிடித்தும் இருந்தால் டோ. இரண்டு பக்கமும் வழுவழுப்பாக, சரிவாக மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர்.

இறக்கினால் டோ ஏன் மாறுகிறது? ஸ்விஃப்ட்டில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் தூண்). சக்கரத்தைக் கீழே லோயர் ஆர்ம் பிடித்திருக்கிறது, திசையை டை ராட் பிடித்திருக்கிறது. இரண்டும் நீளத்தில் வேறு, மாட்டியிருக்கும் இடமும் வேறு. அதனால் சக்கரம் மேலேறும்போது இரண்டும் வெவ்வேறு வளைவில் போகும். இந்த மாதிரி முன்சக்கர இயக்கக் கார்களில் இறக்கியதும் டோ பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் போகும். அது உள்ஓரத்தைத் தின்கிற திசை.

சரி, அப்படியானால் மெஷின் எப்படிப் பச்சை காட்டியது? பச்சை என்பது கம்பெனி உயரத்தில் நிற்கும் காருக்குக் கம்பெனி அனுமதிக்கும் வரம்பு. வரம்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பச்சைதான். கடையில் கூட்டம் நின்றால், சிவப்பு பச்சையானதும் நட்டை இறுக்கிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுவார்கள். அதைவிட நான் அதிகம் பார்ப்பது இன்னொன்று: ஸ்பிரிங் மாட்டிய அன்றே அலைன்மென்ட் செய்துவிட்டு, அதோடு மறந்துவிடுவது. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னும் சில மில்லிமீட்டர் உட்காரும். உட்கார்ந்ததும் டோ மறுபடி நகர்ந்துவிடும், கையில் இருக்கும் பிரிண்ட் அவுட் பழைய காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும். மாட்டிய அன்று ஒரு முறை, 500 முதல் 1,000 கி.மீ.-க்குள் இன்னொரு முறை செய்வதுதான் முறை.

இப்போது போகும்போது என்ன கேட்க வேண்டும்? முதலில் நான்கு டயரிலும் காற்று. அப்புறம் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் என்ற மூட்டுகளிலும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷிலும் ஆட்டம் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண். ஸ்பிரிங் மாட்டும்போது புஷ் போல்ட்டை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கியிருந்தால், அதைத் தளர்த்தி, வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போது இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். டோவைப் பச்சைக்குக் கொண்டுவந்தால் போதாது, பூஜ்யத்துக்கு வையுங்கள் என்று சொல்லுங்கள். மிஞ்சிப்போனால் ஒரு சக்கரத்துக்கு 0°03' உள்பக்கம். வெளிப்பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். செய்வதற்கு முன், செய்த பின் என இரண்டு பிரிண்ட் அவுட்டும் கேட்டு வாங்குங்கள்.

டோவைச் சரி செய்த பிறகும் கேம்பர் இரண்டு டிகிரியைத் தாண்டி நின்றாலோ, இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ அப்போது கேம்பர் போல்ட்டைப் பற்றி யோசிக்கலாம். ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் இரண்டு போல்ட்டில் இணைகின்றன. ஒன்றை எடுத்துவிட்டு மையம் விலகிய போல்ட் போட்டால் ஏறக்குறைய ஒரு டிகிரி திருத்தலாம். கேம்பரைத் தொட்டால் டோவும் மாறும், அதனால் கேம்பரை முடித்துவிட்டுத்தான் டோ. சில கடைகளில் "கேம்பர் கரெக்‌ஷன்" என்று ஹைட்ராலிக் ஜாக்கி மாட்டி நெம்புவார்கள். அது திருத்தமே இல்லை, ஸ்ட்ரட்டையோ நக்கிளையோ வளைப்பது. யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

வண்டி சமதரையில் நிற்கும்போது லோயர் ஆர்மைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பால் ஜாயின்ட் இருக்கும் வெளிமுனை உள்முனையைவிட மேலே போயிருந்தால், என் கருத்தில் அந்தக் கார் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. அந்த நிலையில் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் டோ கூடிக் குறையும். மெஷின்மேல் பூஜ்யம் வைத்தாலும் ரோட்டில் அது பூஜ்யமாக இருக்காது. வளைவில் சாய்வதும் எதிர்பார்த்த அளவு குறையாது. இருபத்தைந்து, முப்பது மி.மீ. ஸ்பிரிங்குக்கு மாறுவது அங்கே எந்தக் கிட்டையும்விட நல்ல செலவு. காயில் ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய வண்டி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், முதலில் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

பின்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஸ்விஃப்ட்டில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம், இறக்கியதால் அங்கே கோணம் பெரிதாக மாறாது. 2006-இல் இங்கே வந்த ஹோண்டா சிவிக் மாதிரி பின்சக்கரம் தனித்தனியாக இயங்கும் வண்டியை இறக்கியவர்களுக்குத்தான் பின் டயரும் உள்ஓரத்தில் போகும்.

இப்போது இருக்கும் டயர்கள்: உள்ஓரத்தில் கம்பி தெரிந்தால் பேச்சில்லை, மாற்றியாக வேண்டும். காடிக்குள் இருக்கும் 1.6 மி.மீ. மேடு இன்னும் பட்டன் மட்டத்துக்கு வரவில்லை என்றால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டலாம், உள்ஓரம் வெளியே வந்துவிடும். ஆனால் டயரில் வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எது என்று அச்சிட்டிருந்தால் திருப்பக் கூடாது. சுழலும் திசைக்கு அம்புக்குறி மட்டும் இருந்தால், திருப்பிய டயரை எதிர்ப்பக்கச் சக்கரத்தில் மாட்டினால் சரியாகிவிடும். டோவைச் சரி செய்துவிட்டு இதைச் செய்யுங்கள், முன்பே செய்தால் மறு ஓரமும் போய்விடும்.