லாட்ஜ் மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் லீஜியோனெல்லா கிருமி ஒழிந்துவிடுமா?

நீங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் லாட்ஜ் நடத்துகிறீர்கள், செலவில்லாமல் முடித்துவிடப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முடியாது.

நான் டாக்டர் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் இருபது வருடமாகத் தண்ணீர் லைன் பார்க்கிறவன். நிமோனியாவைக் கொடுக்கும் இந்தக் கிருமியைக் கண்ணால் பார்த்ததில்லை, அது குடியிருக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறேன்.

2020 ஊரடங்கில் இங்கே ஒரு ஹோட்டல் (பெயர் வேண்டாம்) மூன்றாம் மாடியை ஏழு மாதம் பூட்டி வைத்திருந்தது. தீபாவளிக்கு முன்னால் திறக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஷவரைத் திருகினேன். முதலில் காற்று, அப்புறம் டீ நிறத்தில் தண்ணீர். ஷவர் முகத்தைக் கழற்றினால் துளையெல்லாம் வெள்ளை உப்பு, உள்ளே விரலை விட்டால் வழவழவென்று பாசி மாதிரி. கிருமி அந்த வழவழப்புக்குள் பதுங்கிவிடும். தொட்டியில் போடும் பவுடர் அங்கே சரியாக எட்டாது. பவுடரில் இருக்கும் குளோரின் வெந்நீரில் சீக்கிரமே போய்விடும் என்பது வேறு.

மொட்டைமாடி சோலார் டேங்கில் சூடு பார்த்தேன். 41 டிகிரி. 25லிருந்து 45 வரை இந்தக் கிருமிக்கு மாமியார் வீட்டு விருந்து. தேக்கி வைக்கும் வெந்நீர் 60க்குக் குறையக் கூடாது, குழாயில் 50ஆவது வர வேண்டும். மேகமூட்டத்தில் வெயிலை மட்டும் நம்ப முடியாது, டேங்குக்குள் இருக்கும் கரண்ட் காயிலைப் போட வேண்டும். மேனேஜர் பில்லுக்குப் பயந்து அதன் ஒயரையே பிடுங்கி வைத்திருந்தார்.

"குளிக்கிற சூடு இருந்தா போதும்ப்பா."

"அந்தச் சூட்டுலதான் சார் அது வளருது."

1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்குக் கூடி, முப்பது பேர் அளவுக்குச் செத்ததைச் சொன்னேன். காரணம் எந்தக் கிருமி என்று தெரியவே அடுத்த வருடம் ஆனது. "அது அமெரிக்காப்பா" என்றார்.

நம் ஊரில் யாருக்கு வந்தது என்று இங்கேயும் யாராவது கேட்பீர்கள். நிமோனியா என்று படுத்தவருக்கு இந்தக் கிருமிதானா என்று எத்தனை இடத்தில் சோதிக்கிறார்கள்? குடிப்பதால் வருவதல்ல, ஷவர் சாரலை மூச்சில் இழுப்பதால் வருவது. வயதானவர், சர்க்கரைக்காரர், சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து அதிகம். நான் வேலை பார்த்த ஓசூர் ஹோட்டலிலும் யாருக்கும் வந்ததாகத் தெரியாது. தண்ணீரைச் சோதிக்க அனுப்பவும் இல்லை. பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், பார்த்த வழவழப்பு மறக்கவில்லை.

ஷவரில் பார்த்த உப்பைச் சொன்னதும் சொந்தக் கதை ஒன்று. நான் பென்னாகரம் பக்கம், போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். அதில் அதிகமாக இருந்த ஃப்ளோரைடு என்ற உப்பால் பல்லெல்லாம் பழுப்பு. பெங்களூரில் இன்டர்வியூவில் "வெத்தல பாக்கு போடுவீங்களா?" என்று கேட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அப்புறம் பிறந்த என் மகளுக்குப் பல் வெள்ளை. எனக்கு வந்த வயிற்றெரிச்சல் போகவில்லை.

சரி, ஹோட்டல். ஸ்டோர் ரூமாக்கிய ஒரு பாத்ரூமில் பத்தடிக் குழாய் மூடி போட்டுச் சும்மா கிடந்தது. "மூடித்தானே வெச்சிருக்கு?" என்றார் மேனேஜர். ஓடாத தண்ணீர்தான் ஆபத்து என்று, குழாய் பிரியும் டீ இணைப்பிலேயே அறுத்து எடுத்தேன். தொட்டியில் சாண் உயரச் சேறு, வழித்தோம். ஷவர் முகங்களை வினிகரில் ஊறப்போட்டு உப்பை எடுத்தோம். காயிலைப் போட்டு 60க்கு மேல் ஏற்றி, ஆளில்லாத நேரத்தில், முகக்கவசத்தோடு, ஷவர் முகத்தை மாட்டாமல், எல்லாக் குழாயிலும் விட்டோம். சுடும், குழந்தைகள் வரும் அறையில் வெந்நீரோடு பச்சைத்தண்ணீர் கலந்து விடும் மிக்சர் குழாய் கட்டாயம். இப்போது காலி அறைக் குழாய்களை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் திறந்துவிடுகிறார்கள், ரூம்பாய் நோட்டில் எழுதுகிறார். அந்த மேனேஜர் இன்னும் எனக்கு இரண்டாயிரம் பாக்கி.

உங்கள் லாட்ஜில் பூட்டிக்கிடக்கும் பாத்ரூம் எத்தனை, அவற்றின் லைன் எங்கே முடிகிறது என்று முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.