தழும்பின் மேல் மல்லிகைக் கொடி

கேள்வி: எனக்கு 46 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தையும் அக்குளில் நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. கண்ணாடி முன் நிற்கவே பிடிக்கவில்லை. தழும்பின் மேல் மல்லிகைக் கொடி பச்சை குத்திக்கொள்ள ஆசை. ஒரு பெண் ஆர்ட்டிஸ்ட், தனி அறையில், ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் டாட்டூ போடுகிறார். போகலாமா? “இந்த வயசுல எதுக்குடி?” என்கிறாள் அக்கா.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தாராளமாக ஆசைப்படுங்கள். அந்த இடத்தில் இதுவரை நடந்ததெல்லாம் நோய்க்காக நடந்தது. இது ஒன்றுதான் உங்கள் விருப்பத்துக்காக நடக்கப்போகிறது. அக்காவிடமும் இதையே சொல்லுங்கள்.

ஆனால் ஸ்டூடியோவுக்கு முன்னால் உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். தழும்பு வெளிறி, தட்டையாகி, அரிப்பில்லாமல் அடங்கியிருக்க வேண்டும். அதற்கு அறுவைக்குப் பின் ஒரு வருடமாவது ஆகும். கதிர் பட்ட தோலில் ரத்த ஓட்டம் குறைவு, புண் ஆறத் தாமதமாகும் என்பதால் இன்னும் பொறுமை வேண்டும். பதனிட்ட தோல்போல் இறுகிப்போன திட்டு, மெலிந்து பளபளக்கும் இடம் இருந்தால் அங்கே ஊசியே படக் கூடாது. கதிர்வீச்சுக்குக் குறி பார்க்க வைத்த சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால், அவற்றை மூடலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

நோய் திரும்பினால் சில சமயம் தழும்பின் ஓரத்தில் சிறு முடிச்சாகவோ சிவந்த தடிப்பாகவோதான் முதலில் தெரியும். அடர்த்தியாகக் கறுப்பு நிரப்பிவிட்டால் அதைப் பார்க்க முடியாது. இங்கேதான் உங்கள் மல்லிகை கைகொடுக்கிறது. நம் மாநிறத்தில் வெள்ளை மை நிற்காது, சில மாதங்களில் மஞ்சளித்து மங்கிவிடும். அதனால் இதழ்களுக்குக் கறுப்பில் மெல்லிய கோடு மட்டும் இழுத்து, உள்ளே தோலை அப்படியே விடச் சொல்லுங்கள். பூவும் எடுப்பாகத் தெரியும், தோலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கொடியை இடது கைக்கு இறக்கவே இறக்காதீர்கள். நெறிகட்டி எடுத்த பக்கம் கிருமி தொற்றினால் கை வீங்கி, அந்த வீக்கம் நிலைத்துவிடக்கூடும்.

முதல் நாளே முழுக் கொடி வேண்டாம். தழும்பில் ஒரே ஒரு மொட்டு, ஒரு சென்டிமீட்டர் அளவில் போட்டுவிட்டுச் சில மாதங்கள் பாருங்கள். நெஞ்சுப் பகுதியில் தழும்பு தடித்து வளர்வது நம்மிடம் சாதாரணம். மொட்டு மேடிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

தனி அறை நல்லதுதான், ஆனால் கதவைவிட மேஜையைக் கவனியுங்கள். ஊசி கார்ட்ரிட்ஜ் உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும், காலாவதித் தேதியைப் படித்துப் பாருங்கள். மை சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்றப்பட வேண்டும். மையில் தண்ணீர் கலந்தால் அது கிருமி நீக்கிய தண்ணீர்தானா என்று கேளுங்கள். காய்ச்சி வடித்தது போதாது. 2011-இல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் பலருக்குத் தோல் தொற்று வந்தது, அப்படி நீர்த்த சாம்பல் நிற மையால்தான்.

குத்துவதற்கு முன் தோலில் படத்தைப் பதிக்கும் தாளை, அதாவது ஸ்டென்சிலை, நீங்கள் நின்றபடிதான் ஒட்ட வேண்டும். படுத்தால் நெஞ்சுத் தோல் நகரும், எழுந்ததும் கொடி கோணிக்கொள்ளும். கண்ணாடியில் பாருங்கள், பிடிக்காவிட்டால் அழித்து ஒட்டச் சொல்லுங்கள், நாலு தடவையானாலும் சரி. வேலை நடக்கும் இடம் தவிர மற்றதைத் துணியால் மூடச் சொல்வதும், போட்டோ வேண்டாம் என்பதும் உங்கள் உரிமை.

தழும்பின் நடுவில் மரத்துக் கிடக்கும், ஒரு அங்குலம் தள்ளிச் சுரீரென்று வலிக்கும். மரத்த இடத்தில் ஊசி ஆழமாக இறங்கினாலும் உங்களுக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் மை கசிந்து கோடு நீலமாகப் பரவும். எனவே தழும்பில் போட்டுப் பழகிய கையா என்று பாருங்கள், ஆறிய பிறகு எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு, முன்பக்கம் பட்டன் வைத்த பருத்திச் சட்டையில் போங்கள். ஒரு அமர்வு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம்.

வீட்டில் தினம் இரண்டு முறை வாசனையில்லாத சோப்பால் கழுவி, ஒற்றி எடுத்து, அவர் சொல்லும் களிம்பை மெல்லிசாகப் போடுங்கள். மஞ்சள் பூச வேண்டாம். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிராவுக்குள் சிலிக்கோன் மார்பு வைக்கிறீர்கள் என்றால், புண் ஆறும்வரை மூன்று வாரமாவது அதற்கு ஓய்வு கொடுங்கள்.

சீழ், காய்ச்சல், கை வீக்கம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாரங்கள் கழித்துச் சிறு சிவப்புப் புடைப்புகள் வந்தாலும் தோல் மருத்துவரிடம் டாட்டூவைச் சொல்லுங்கள். இனி ஸ்கேன் எடுக்கும்போதெல்லாமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மை நெறிகட்டிகளில் போய்த் தங்கும், ஸ்கேனில் அது நோய்போலத் தெரியலாம்.

தழும்பில் மை சமமாகப் பிடிக்காது. எட்டு வாரம் கழித்து விட்டுப்போன கோடுகளை மறுபடி இழுக்க வேண்டியிருக்கும், அதையும் சேர்த்து இப்போதே விலை பேசிவிடுங்கள்.