கேள்வி-பதில்: பெயர் அழகு, உள்ளே என்ன நிறமி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோட்டு, பேனா, வண்ணம் பற்றியவை. எல்லாம் வீட்டிலேயே சிறிய அளவில் செய்து விற்பவர்களிடம் வாங்கியவை. சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

கே: கையால் தைத்த நோட்டு, 650 ரூபாய். அட்டையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் மைப்பேனாவில் எழுதினால் எழுத்து மயிர்மயிராகப் பரவுகிறது, மறுபக்கமும் தெரிகிறது. 120 ஜிஎஸ்எம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏமாந்துவிட்டேனா?
– கல்லூரி மாணவி, ஓசூர்

ப: உங்களை யாரும் ஏமாற்றவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். மை பரவாமல் நிற்குமா என்பதை அது சொல்லாது. அது தாளுக்கு ஏற்றிய பசையைப் பொறுத்தது. பசை குறைந்த கைக்காகிதம் 200 ஜிஎஸ்எம் ஆனாலும் மையைக் குடிக்கும். அடுத்த முறை, "மைப்பேனாவுக்கு ஆகுமா? ஒரு துண்டுத் தாள் அனுப்ப முடியுமா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த நோட்டை ஒதுக்கிவிடாதீர்கள், பென்சிலுக்கு நன்றாக இருக்கும்.

கே: 12 வில்லை நீர்வண்ணப் பெட்டி, 1,800 ரூபாய். மாந்தளிர், செம்பருத்தி, மயில்கழுத்து என்று வண்ணங்களுக்குப் பெயர். படம் வரைந்து வகுப்பறையில் மாட்டினேன். நான்கே மாதத்தில் செம்பருத்தி இருந்த இடமே தெரியவில்லை. விற்றவரைக் கேட்டால், "இயற்கை நிறம் அப்படித்தான்" என்கிறார்.
– ஓவிய ஆசிரியை, தருமபுரி

ப: அந்தப் பதிலைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் வெளுக்கும், உண்மை. காவி மண்ணும் இயற்கைதானே? அது எத்தனை கோடை பார்த்தாலும் வெளுப்பதில்லை. வெளுக்கும் என்று தெரிந்தால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. மரப்பெட்டியில் ஆறு வண்ணம், பெட்டியின் அழகைப் பார்த்தே வாங்கினேன். அதிலிருந்த 'தாமரை' என்ற இளஞ்சிவப்பில் பூ வரைந்து, தங்கை வீட்டுப் புதுமனைக்குக் கொடுத்தேன். ஜன்னலுக்கு எதிரே ஆனியில் மாட்டினார்கள். தைக்குப் போய்ப் பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கிறது, இதழ்கள் மட்டும் நைந்த துணி போல வெளிறிக் கிடக்கின்றன. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சுவரைப் பார்க்க முடியவில்லை.

வண்ணத்துக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும். மாந்தளிர் என்ற பெயரைக் கேட்டால் எனக்கும் வாங்கத்தான் தோன்றும். ஆனால் நிறமிகளுக்கு, அதாவது நிறம் தரும் பொடிகளுக்கு, உலகம் முழுக்கப் பொதுவான குறியீடு இருக்கிறது. பிபி 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். பிஆர் 83 என்றால் அலிசரின் கிரிம்சன். பார்க்க அருமையான சிவப்பு, ஆனால் வெளிச்சத்தில் போய்விடும். அந்த இடத்தில் பிவி 19 என்ற வேறு நிறமியைப் போட்டால் நிற்கும். வீட்டில் வண்ணம் செய்கிறவர்கள் கண்ணாடிப் பலகையில் நிறமியைக் கொட்டி, கோந்தும் தேனும் விட்டு, மணிக்கணக்கில் கையால் அரைக்கிறார்கள். இவ்வளவு பாடுபடுகிறவருக்கு என்ன பொடியைக் கொட்டினோம் என்று தெரியாமலா இருக்கும்? பன்னிரண்டு எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தால் போதும். கேட்டும் எண் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் வேலையாக எல்லா வண்ணத்தையும் ஒரு தாளில் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் எது ஓடிப்போகும் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், பில் இருக்கிறதா? விற்றவருக்குப் பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

கே: மல்லப்பாடிப் பாறை ஓவியங்களின் அசல் நிறங்கள் என்று நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் சேர்த்து 900 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பர்கூர்

ப: வேண்டாம். மல்லப்பாடி ஓவியங்கள் வெள்ளையில் தீட்டியவை.

கே: சின்ன கம்பெனி ஒன்றின் சுண்ணாம்பு வண்ணத்தை போனில் பார்த்து மூன்று அறைக்கும் வாங்கி அடித்துவிட்டேன். சுவரில் வேறு நிறமாக இருக்கிறது. யாரைக் கேட்பது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ப: யாரையும் கேட்க முடியாது. சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் நன்றாக வெளிறிவிடும். ஒரு சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காய்ந்த பிறகு காலை வெளிச்சத்திலும் இரவு டியூப்லைட்டிலும் பார்த்திருக்க வேண்டும். மூன்று அறைக்குச் செலவு செய்கிறவர் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம்.

கே: புதுப் பேனா முதல் நாளே மை கக்குகிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறது.
– கிருஷ்ணகிரி

ப: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வணிகம். பேனாவோடு கடைக்குப் போங்கள்.

கே: மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 40 கைக்காகித டைரிகள் சொல்லி, ஜிபேயில் 4,000 ரூபாய் முன்பணம் போட்டேன். மறுநாளே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
– ஒரு தாய், அரூர்

ப: அம்மா, முதலில் வீட்டில் சொல்லுங்கள். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆசையாக ஒன்று செய்ய நினைத்தீர்கள். இந்தப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்: பணம் போனது தெரிந்த உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பரிவர்த்தனை எண், பேசிய செய்திகள், அவர்கள் அனுப்பிய படங்கள், எதையும் அழிக்காதீர்கள். வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். பெயரும் முகவரியும் போட்ட பில் தராத யாருக்கும் முன்பணம் வேண்டாம்.

கே: எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பூவிதழ் பதித்த உறைகள் செய்கிறார். பத்து உறை 300 ரூபாய். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?
– வாசகி, பாலக்கோடு

ப: குறைத்துக் கேட்காதீர்கள். இதழைக் காயவைத்து, தாளில் பதித்து, வெட்டி, மடித்து, ஓரம் பிசிறாமல் ஒட்டி ஒரு உறைக்கு 30 ரூபாய் வாங்குகிறார். 300 அதிகம் என்று பட்டால் ஐந்து உறை வாங்கிக்கொள்ளுங்கள்.