கொழுந்துக் கணக்குக்கு எத்தனை பக்கம் வேண்டும்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் எங்கள் மாமா சிறு தோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கி லொறியில் ஃபெக்டரிக்கு அனுப்புகிறார். அவருடைய கொப்பிக் கணக்கை, நிரல் எழுதாமலே ஆப் செய்ய உதவும் பபிள் என்ற தளத்தில் ஒரு வெப் ஆப்பாகச் செய்துகொண்டிருக்கிறேன். கொழுந்து தரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்று தொடங்கி, பத்துப் பக்கத்தோடு நிற்கிறேன். தராசோடு வந்த போன் ஆப், நிறையை ஓர் இணைய முகவரிக்கு அனுப்புமாம். அதற்கு எண்ட்பொயின்ட் செய்யவேண்டும் என்கிறார்கள். எப்படிச் செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்தப் பத்தில் ஒன்பது பக்கங்களை அழித்துவிடுங்கள். ஆளுக்கு ஆள் மாறுவது விவரம்தான், பக்கத்தின் அமைப்பு இல்லை. டேட்டா பகுதியில் 'தருபவர்', 'நிறுவை' என்று இரண்டு வகைகளை உண்டாக்குங்கள். மிஞ்சிய பக்கத்தின் பண்புகளில் 'டைப் ஒஃப் கொன்டென்ட்' என்ற இடத்தில் 'தருபவர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். யாருடைய பதிவைச் சொல்லித் திறக்கிறீர்களோ, அவருடைய கணக்கு அதே பக்கத்தில் வரும். நாளை புதிதாக ஒருவர் கொழுந்து போட வந்தாலும் பக்கம் கூடாது, ஒரு பதிவுதான் கூடும்.

இனி எண்ட்பொயின்ட். வெளியிலிருந்து வரும் விவரத்தை உங்கள் ஆப் வாங்கிக்கொள்ளும் வாசல்தான் அது. எல்லாவற்றுக்கும் அது தேவைப்படாது. மாமா உங்கள் ஆப்பின் பக்கத்திலேயே நிறையைத் தட்டிப் போடுவதானால், பட்டனுக்குரிய வேர்க்ஃப்ளோவே (பட்டனை அழுத்தினால் நடக்கவேண்டிய வேலைகளின் வரிசை) பதிவை உண்டாக்கிவிடும். வெளியிலிருந்து வேறொரு கருவியோ ஆப்போ உங்கள் ஆப்போடு பேசவேண்டிய இடத்தில்தான் எண்ட்பொயின்ட் வேண்டும். உங்கள் தராசு ஆப் அப்படிப்பட்டதுதான்.

பபிளின் செட்டிங்ஸில் ஏபிஐ (ஆப்புகள் தங்களுக்குள் பேசும் வழி) பகுதிக்குப் போய் வேர்க்ஃப்ளோ ஏபிஐயைத் திறந்துவிடுங்கள். உங்கள் கட்டணத் திட்டத்தில் அந்த வசதி உண்டா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, பக்கத்தில் இல்லாமல் சேர்வரில் ஓடும் பேக்எண்ட் வேர்க்ஃப்ளோவில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, விவரம் அனுப்புவதற்கான போஸ்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள். கெட் முறை விவரம் கேட்டு வாங்குவதற்கு. பதிவை உண்டாக்க அதைப் பயன்படுத்தினால் பெயரும் நிறையும் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு போகும். என்னென்ன விவரம் வரும் என்று பபிளுக்குக் காட்ட 'டிடெக்ட் டேட்டா' வசதி இருக்கிறது. அந்த நேரத்தில் முகவரியின் கடைசியில் 'இனிஷியலைஸ்' என்று ஒட்டியிருக்கும். வேலை முடிந்ததும் தராசு ஆப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டு, 'அனுப்புகிறேன், ஒன்றும் பதிவாகவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கழிவுக் கணக்கை எங்கே போடுவது என்பதைக் கவனமாக முடிவு செய்யுங்கள். போன் 38 கிலோ என்று அனுப்புகிறது. சாக்குக்கு ஒரு கிலோ, மழை ஈரத்துக்கு இரண்டு கிலோ போக 35. இந்தக் கழித்தல் எண்ட்பொயின்ட்டுக்குள்தான் நடக்கவேண்டும். போனில் போட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும், விஷயம் தெரிந்தவர் மாற்றியும் அனுப்பலாம். மொத்த நிறை, கழிவு, தேறிய நிறை மூன்றையும் தனித்தனியாகச் சேமியுங்கள். மாதக் கடைசியில் 'என் கொழுந்தில் ஏன் இவ்வளவு வெட்டினீர்கள்' என்று கேட்பவருக்குக் காட்ட அது வேண்டும்.

அடுத்தது நம்ம ஊர்ப் பிரச்சினை, கவரேஜ். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்ப் போய் வரும். நிறை வந்து பதிவாகியிருக்கும், 'கிடைத்தது' என்ற பதில் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. போன் மறுபடி அனுப்பும், ஒரே சாக்கு இரண்டு தடவை கணக்கில் ஏறும். ஆகவே ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே ஓர் இலக்கம் பிறக்கவேண்டும். போன் இலக்கம், நேரம், வரிசை எண் மூன்றையும் சேர்த்தால் போதும். மறுபடி அனுப்பும்போதும் அதே இலக்கம்தான் வரவேண்டும். அந்த இலக்கத்தில் ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று எண்ட்பொயின்ட் முதலில் தேடட்டும். இருந்தால் புதிதாகப் பதியாமல் 'சரி, கிடைத்தது' என்று பதில் சொல்லட்டும். பிழை என்று சொன்னால் போன் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். தராசு ஆப்பில் இலக்கம் சேர்க்க வழியில்லை என்றால், அந்த ஆப்பை மாற்றுவதே நல்லது.

பேக்எண்ட் வேர்க்ஃப்ளோவில் 'அங்கீகாரம் இல்லாமல் இயங்கலாம்' என்ற பெட்டியில் சரி போட்டால், முகவரி தெரிந்த எவரும் உங்கள் கணக்கில் கொழுந்து ஏற்றலாம். சோதனைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஏபிஐ டோக்கனை, அதாவது ஆப்புக்குள் நுழைய விடும் இரகசியச் சாவியை, பக்கத்துக்குள் எங்கும் எழுதக்கூடாது, அதைக் கையில் வைத்திருப்பவருக்கு நிர்வாகியின் அதிகாரம் கிடைத்துவிடும். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காமலிருக்க, பக்கத்தில் மறைத்துவைத்தால் போதாது. மறைத்ததும் பிரவுசருக்குப் போய்ச் சேரக்கூடும். டேட்டா பகுதியிலுள்ள பிரைவசி விதிகளில்தான் அதைத் தடுக்கவேண்டும்.

சோதித்துப் பார்க்கையில் பதிலாக 400 என்ற எண் வந்தால் அனுப்பிய விவரத்தில் ஏதோ குறை, 401 என்றால் அனுமதி இல்லை, 404 என்றால் முகவரி பிழை. சோதனைப் பதிப்பின் முகவரியில் 'வெர்ஷன்-டெஸ்ட்' என்ற துண்டு இருக்கும். அதன் தரவுத்தளமும் வேறு. ஆப்பை வெளியிட்டதும் தராசு ஆப்பிலும் அந்தத் துண்டை நீக்குங்கள். இல்லாவிட்டால் நிறையெல்லாம் சோதனைத் தரவுத்தளத்தில் சேரும், மாமாவின் பக்கம் காலியாகவே இருக்கும்.