சிலர் புதிய இயங்குதளத்துக்கு மாற ஏன் தயங்குகிறார்கள்?

இயங்குதளம் என்பது கணினியின் பாகங்களுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அதை மாற்றினால் அதைச் சார்ந்திருக்கும் அனைத்தும் புதிதாகப் பொருந்த வேண்டும் என்பதே தயக்கத்தின் மூல காரணம்.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியைப் பலர் நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தனர். அடுத்து வந்த விஸ்டாவில், பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருள்கள் பல வேலை செய்யவில்லை; தயாரிப்பாளர் புதிய டிரைவரை வெளியிடாதபோது, பழுதே இல்லாத கருவி பயனற்றுப் போனது. 64 பிட் விண்டோஸோ (பிட் எண் என்பது கணினி ஒரே முறையில் கையாளும் தரவின் அளவு), பழைய 16 பிட் செயலிகளை இயக்குவதே இல்லை. புது வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும், தாத்தா காலத்து பீரோ அதன் வாசலில் நுழையுமா என்று குடிபோகிறவர் கவலைப்படுவதைப் போன்றது இது.

விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சத்தையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்பதால், நன்றாக ஓடும் கணினியையே சிலர் மாற்ற நேர்கிறது. அந்தச் செலவை எண்ணித் தயங்குவோரை மாற்றத்துக்கு அஞ்சுபவர்கள் என்று ஒதுக்குவது நியாயமன்று.

ஆனால், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது, முடிந்த பிறகும் கணினி முன்போலவே இயங்குவதால் ஆபத்தில்லை என்று கருதுவது தவறு. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் பொதுவாக அடைக்கப்படுவதில்லை, வைரஸ் தடுப்பு மென்பொருளாலும் அவற்றை முழுமையாக ஈடுகட்ட இயலாது.