மாடில்லாப் பால்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மாடே இல்லாமல் தொழிற்சாலையில் பால் செய்கிறார்கள் என்று ஒரு காணொளி பார்த்தேன். காங்கேயம் பக்கம் எங்கள் அம்மா மூன்று கறவை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். இன்னொரு கிடேரி வாங்க இருந்தவர் இப்போது தயங்குகிறார். அரசு இதைத் தடை செய்துவிடலாமே? அது முடியாதென்றால், 'பால்' என்ற பெயரையாவது போடக் கூடாது என்று சட்டம் வந்தால் போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தொழிற்சாலைத் தொட்டிகளில் இப்போது பெரும்பாலும் தயாராவது முழுப் பால் இல்லை, பாலில் இருக்கிற ஒரு புரதம். அதற்கான பசுவின் மரபணுவை ஒரு பூஞ்சைக்குள் வைத்து, சர்க்கரை கொடுத்து வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் பெர்ஃபெக்ட் டே நிறுவனம் பயன்படுத்துவது டிரைக்கோடெர்மா வகைப் பூஞ்சை. வேர் அழுகலுக்குத் தொழு உரத்தில் கலந்து போடுகிறோமே, அதன் உறவுதான். 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தப் புரதத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டது.

நீங்கள் கேட்கும் பெயர்ச் சட்டம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. கறவை விலங்கின் மடியிலிருந்து வருவதுதான் பால் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரையறை. சோயா, பாதாம் பானங்களைப் பால் என்று விற்கக் கூடாது என்று 2021இல் உத்தரவும் போட்டார்கள். அது அம்மாவைக் காப்பாற்றாது. ஏனென்றால் இந்தப் புரதம் பால் பாக்கெட்டாகக் கடைக்கு வரப்போவதில்லை. மூட்டையாக ஐஸ்கிரீம், பிஸ்கட், புரதப் பவுடர் கம்பெனிகளுக்குப் போகும். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரியாக இருக்கும், அவ்வளவுதான்.

பவுடர் சந்தை சரிந்தால் தொழுவம் வரைக்கும் அடிக்கும். கறவை பெருகும் மாதங்களில் மிஞ்சுகிற பாலை வெண்ணெயாகவும் பால் பவுடராகவும் மாற்றித்தான் பால் பண்ணைகள் சமாளிக்கின்றன. 2018இல் உலகச் சந்தையில் பவுடர் விலை விழுந்து, இங்கே இருப்பு தேங்கியது. அந்த ஜூலையில் மகாராஷ்டிர விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டினார்கள். கடைசியில் லிட்டருக்கு 25 ரூபாய் என்று அரசு ஒப்புக்கொண்டது. ஊரில் யாரும் டீ குடிப்பதைக் குறைத்துவிடவில்லை. பால் பவுடர் மூட்டையை வாங்க ஆள் இல்லாததால் வந்த வினை அது. இந்தப் புதிய புரதம் மலிவானால் முதலில் போட்டியிடுவது அந்த மூட்டையோடுதான்.

இறக்குமதி வரி காப்பாற்றாதா என்றால், வெளிநாட்டுப் பவுடரை அது தடுக்கும். 2019இல் ஆர்செப் என்ற பல நாட்டு வணிக ஒப்பந்தத்தை இந்தியா மறுத்ததற்குப் பால் விவசாயிகளின் அச்சமும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் 2022இல் பெர்ஃபெக்ட் டே, குஜராத்தைச் சேர்ந்த ஸ்டெர்லிங் பயோடெக் என்ற ஜெலட்டின் கம்பெனியையே வாங்கியது. தொட்டி நம் நாட்டுக்குள் நின்றால் சுங்க வரிக்கு வேலை இல்லை.

நான் கேட்பது தடை இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் வெண்ணெய்க்காரர்களுக்காக மஞ்சள் நிற மார்ஜரினை, அதாவது செயற்கை வெண்ணெயை, 1967 வரை தடுத்து வைத்தது. ஜனங்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போய் வாங்கி வந்தார்கள். அதோடு, காளைக் கன்றுகளை நாம் என்ன செய்கிறோம் என்று மனம் கசந்து பாலை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம்மிடமே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. நெய்யில் டால்டா கலப்படம் பெருகியபோது, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சந்தேக நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், அந்த நல்லெண்ணெய் சிவப்பு நிறமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதே போல ஒவ்வொரு புரத மூட்டையிலும் உடம்புக்குக் கேடில்லாத ஓர் அடையாளப் பொருள் கட்டாயமாக இருக்க வேண்டும். சொசைட்டி மெஷின் கொழுப்பையும், கொழுப்பு தவிர்த்த திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பையும் மொத்தமாகத்தான் காட்டும். அந்தப் புரதம் மடியிலிருந்து வந்ததா, தொட்டியிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. தண்ணீர்ப் பாலில் இந்தப் பொடியைக் கரைத்து ஊற்றுகிறவனுக்கு நல்ல விலையும், நேர்மையாகக் கறந்து ஊற்றும் உங்கள் அம்மாவுக்குச் சந்தேகப் பார்வையும் கிடைக்கும் நிலை வரக் கூடாது. அப்புறம், பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இதுவும் ஆகாது. மாடில்லாதது என்று முன்பக்கம் பெரிதாகப் போடுகிறவர்கள் இந்த எச்சரிக்கையையும் அங்கேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

கிடேரி விஷயம்: வாங்கச் சொல்லுங்கள். அடுத்த சில வருடங்களுக்கு அம்மாவின் கணக்கைத் தீர்மானிக்கப் போவது புண்ணாக்கு விலையும் சோளத்தட்டும்தான். பாலில் கொழுப்பு நன்றாக ஏறும் மாட்டுக் கன்றாகப் பார்க்கட்டும். இந்தத் தொட்டிப் புரதத்திலிருந்து நெய் உருக்க முடியாது. ஆணையம் புது விதி கொண்டுவருமுன் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். கம்பெனிகளின் வக்கீல்கள் அதற்குத் தவறாமல் எழுதுவார்கள். உங்கள் சொசைட்டியின் அடுத்த பொதுக்குழுவில் அடையாளப் பொருள் வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டு, பால் ஒன்றியத்துக்கு அனுப்பி வையுங்கள். வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.