பொறந்த குழந்தைக்கு முதல் கார் சீட்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் ரெண்டு குழந்தைக்கு அம்மா, ஊர் கோயமுத்தூர் பக்கம். சீட் பெல்ட், குழந்தை சீட் டெஸ்ட் பண்ற லேப்ல ஒன்பது வருஷம் வேலை பாத்தேன், இப்ப வீட்லதான். போன வாரம் ஒரு தங்கச்சி டெலிவரிக்கு எடுத்துட்டுப் போற பை லிஸ்ட் போட்டிருந்தாங்க, அதுல வசம்புல இருந்து நெயில் கட்டர் வரைக்கும் இருந்துச்சு, கார் சீட் மட்டும் இல்ல. சரி நம்மளே பேசுவோம்னு வந்துட்டேன். கேளுங்க.

திருப்பூர், 34 வாரம்: அக்கா, பொறந்த குழந்தைக்கு இதெல்லாம் வேணுமா? என் மடியை விட பத்திரமான இடம் ஏதுன்னு எங்க அத்தை கேக்கறாங்க. ஆஸ்பத்திரில இருந்து வீடு வெறும் 6 கிலோமீட்டர்.

அத்தை சொல்றது பாசத்துலதான் மா, ஆனா கணக்கு வேற மாதிரி இருக்கு. கார் 50 கிலோமீட்டர் ஸ்பீடுல போயி எதையாவது முட்டி அரை மீட்டர் தூரத்துக்குள்ள நின்னுச்சுன்னு வைங்க, உள்ள இருக்கற எல்லாத்துக்கும் அந்த நொடியில அதோட எடையை மாதிரி 20 மடங்கு இழுப்பு வரும். 3 கிலோ குழந்தைன்னா 60 கிலோ. ரெடியா காத்துட்டு இருந்தாலே பிடிக்க முடியாது, இதுல சொல்லாம கொள்ளாம வர்றது. இன்னொன்னு பண்ணுவாங்க பாருங்க, மடியில குழந்தையை வச்சுட்டு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பெல்ட் போடறது, அது இன்னும் மோசம், பெரியவங்க உடம்பு மொத்தமும் குழந்தையை பெல்ட்டோட வச்சு நசுக்கிரும்.

சட்டத்துலயும் இருக்கு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ 194பி ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்தையை பெல்ட்டும் போடாம குழந்தை சீட்டும் இல்லாம கூட்டிட்டுப் போனா 1000 ரூபா ஃபைன். யாரும் நிறுத்திக் கேட்டு நான் பாத்ததில்ல, அது வேற விஷயம். அத்தைகிட்ட சண்டை போடாதீங்க, பின்னாடி சீட் பக்கத்துலயே அவங்களை உக்கார வைங்க, குழந்தை கையைப் பிடிச்சுட்டே வரட்டும். எங்க வீட்டுல அப்படித்தான் சமாதானம் ஆச்சு.

சேலம், முதல் தடவை அப்பா: கைப்பிடியோட தூக்கற மாதிரி ஒண்ணு இருக்கு, 4 வயசு வரைக்கும் வரும்னு ஒண்ணு இருக்கு. எது வாங்கறது மேடம்? ரெண்டாவதுதான் காசுக்கு லாபம்னு தோணுது.

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு தம்பி. கைப்பிடி வச்சது 13 கிலோ வரைக்கும்னு போட்டிருக்கும், ஆனா பல குழந்தைங்களுக்கு எடைக்கு முன்னாடி உயரம் பத்தாம போயிரும், ஒரு வயசு, ஒண்ணேகால் வயசோட முடிஞ்சிரும். நீங்க சொன்ன ரெண்டாவது, கன்வெர்டிபிள்னு சொல்றது, 18 கிலோ வரைக்கும் ஓடும். லாபம் வாஸ்தவம்தான். பிரச்சனை எங்க வரும்னா நம்ம ஊர்ல நிறைய குழந்தைங்க ரெண்டரை கிலோ, ரெண்டே முக்கால் கிலோல பொறக்கும், அந்த கன்வெர்டிபிள் சீட்டுக்குள்ள போட்டா கிணத்துக்குள்ள போட்ட மாதிரி இருக்கும். கடையில நீங்க பாக்க வேண்டியது குழந்தை தோள் மேல வர்ற பட்டை நுழையற ஓட்டை, அதுல ரொம்பக் கீழ இருக்கறது எங்க இருக்குன்னு பாருங்க. பொறந்த குழந்தையை வண்டியோட பின்பக்கம் பாத்துதான் உக்கார வைக்கணும், அப்போ பட்டை குழந்தை தோளுக்கு நேராவோ கொஞ்சம் கீழயோ இருந்து வரணும். பட்டை காதுக்குப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னா அந்த சீட் உங்க குழந்தைக்கு இப்போதைக்கு ஆகாது.

அடுத்தது சாய்வு. பொறந்த குழந்தைக்கு கழுத்து நிக்காது, சீட் நிமிந்து இருந்தா தலை முன்னாடி தொங்கி தாடை நெஞ்சுல முட்டும், மூச்சுக்குழாய் மடங்கிரும், சத்தமே வராது. அதனால கிட்டத்தட்ட 45 டிகிரி சாயணும். சீட் மேல ஒரு கோடோ குமிழியோ இருக்கும், வண்டியை சமதரையில நிறுத்திட்டுப் பாக்கணும்.

நான் முதல் குழந்தைக்கு என்ன வாங்கினேன் தெரியுமா, லேப்ல வேலை பாத்துட்டே, அவசரத்துல ஆன்லைன்ல ஒரு கேரி காட், அதான் குழந்தையைப் படுக்க வச்சுத் தூக்கற கூடை, வாங்கிட்டேன், போட்டோல கார்க்குள்ள வச்சிருந்தான். வந்து பாத்தா கார் பெல்ட் மாட்ட இடமே இல்ல. வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார். தொட்டில் மாதிரி ஆடும், கூடை மாதிரி தூக்கலாம், ஊஞ்சலாவும் ஆகும்னு ஒரே பொருளை அஞ்சு வேலைக்கு விக்கறாங்கல்ல, அதுல சிலது நெசமாவே கார் சீட்டா பாஸ் பண்ணது, சிலது இல்ல. ஸ்டிக்கரைப் பாத்தாதான் தெரியும்.

சென்னை: அந்த ஸ்டிக்கர்ல என்ன பாக்கணும்? ஆர்44, ஆர்129, ஏஐஎஸ் னு என்னென்னமோ போட்டிருக்கு, தலை சுத்துது.

ஆரஞ்சு கலர்ல ஒட்டியிருக்கும், பெட்டியில இல்லங்க, சீட் பாடியிலயே. ஒரு வட்டத்துக்குள்ள E எழுத்து மாதிரி போட்டு பக்கத்துல ஒரு நம்பர், அந்த நம்பர் எந்த நாடு பாஸ் பண்ணுச்சுன்னு சொல்லும். ஆர்44/04 ங்கறது பழைய ஐரோப்பிய விதி, எடையை வச்சு பிரிப்பாங்க. ஆர்129 புதுசு, 2013ல வந்துச்சு, உயரத்தை வச்சு பிரிப்பாங்க, பக்கவாட்டுல மோதற டெஸ்ட்டும் உண்டு, 15 மாசம் ஆகற வரைக்கும் குழந்தை பின்பக்கம் பாத்துதான் உக்காரணும்னு விதியிலயே இருக்கு. ஐரோப்பாவுல 2024 செப்டம்பர்ல இருந்து ஆர்44 சீட்டை கடையில விக்க விடறதில்ல. அதுக்காக நம்ம ஊர்ல ஆர்44 வாங்கினவங்க தூக்கிப் போட வேண்டாம், ஒழுங்கா மாட்டினா நல்ல சீட்தான். ஏஐஎஸ் 072 நம்ம நாட்டு விதி. இதுல எதுவுமே இல்லாம மெத்தை மாதிரி ஒரு துணியும் நாலு நாடாவும் வச்சு "கார் சீட்"னு ஆயிரம் ரூபாய்க்கு வருது பாருங்க, அது பக்கம் போகவே போகாதீங்க.

மதுரை: எங்க வண்டி பத்து வருஷப் பழைய சின்ன கார். ஐசோஃபிக்ஸ் எல்லாம் கிடையாது. வண்டியையே மாத்தச் சொல்வீங்களோ?

அட இல்லங்க. ஐசோஃபிக்ஸ்ங்கறது காரோட பாடியில பத்த வச்ச ரெண்டு கம்பி, சீட் அதுல க்ளிக்னு மாட்டும், அதோட பெரிய நன்மை தப்பா மாட்டறதுக்கு வாய்ப்பு கம்மி, அவ்ளோதான். பெல்ட்டால கட்டினாலும் பத்திரம்தான், ஒழுங்கா கட்டணும். சின்ன கார்ல நான் பாத்த ரெண்டு சிக்கல் சொல்றேன். ஒண்ணு, பின்சீட் பெல்ட் நீளம் பத்தாது, கைப்பிடி வச்ச கூடை சீட்டை முழுசா சுத்தி வரவேண்டிய பெல்ட் ஒரு சாண் குறையும், பக்கிள் வரைக்கும் வராது. ரெண்டு, சீட்டை 45 டிகிரி சாய்ச்சா முன்சீட்டு முதுகுல இடிக்கும், அப்புறம் முன்னாடி உக்கார்றவர் முட்டி டேஷ்போர்டுல இடிக்கும். அதனால காரை கடைக்கே ஓட்டிட்டுப் போயி மாட்டிப் பாத்துட்டு காசு குடுங்க, ஆன்லைன்னா திருப்பி எடுத்துக்குவாங்களான்னு பாத்துட்டு வாங்குங்க. பத்தாயிரத்துக்குள்ள ஒரு சீட் உங்க வண்டில ஆடாம உக்காந்துச்சுன்னா, முப்பதாயிரம் குடுத்து ஆடற சீட்டை விட அதுதான் நல்ல சீட்.

ஆடுதா இல்லையான்னு எப்படிப் பாக்கறதுன்னா, பெல்ட் நுழையற இடத்துல கையை வச்சு இடம் வலமா, முன்ன பின்ன ஆட்டுங்க. ஒரு இஞ்ச்க்கு மேல நகரக்கூடாது. மேல் பக்கம் பிடிச்சு ஆட்டினா எல்லா சீட்டும் ஆடத்தான் செய்யும், அதைப் பாத்து பயந்து நெறைய பேர் எனக்கு வீடியோ அனுப்பறாங்க.

எந்தப் பக்கம்னும் கேப்பீங்க. நம்ம ஊர்ல இடதுபக்கம் ஓட்டறோம், அதனால இடது பின்சீட்டுன்னா ரோட்டோரமா நின்னு குழந்தையை எடுக்கலாம், பின்னாடி லாரி வர்ற பக்கம் நிக்க வேண்டாம். நடு சீட்ல வயித்துக்கு மட்டும் வர்ற பெல்ட் இருந்தா அங்க வேண்டாம், பெரும்பாலான சீட்டுக்கு தோள் பெல்ட்டும் சேந்தது வேணும்.

திருச்சி: புது கார் அக்கா, ஐசோஃபிக்ஸ் இருக்குன்னு சேல்ஸ்மேன் சொன்னாரு. தேடு தேடுன்னு தேடியும் காணோம்.

சீட் கவர் போட்டீங்களா? தெரியும், போட்டிருப்பீங்க, வண்டி எடுத்த மறுநாளே போடறதுதானே வழக்கம். தைக்கறவங்களுக்கு அதைப் பத்தித் தெரியறதில்ல, மேலயே மூடிருவாங்க. சாயற பகுதியும் உக்கார்ற பகுதியும் சேர்ற இடுக்குல விரலை விட்டுத் தடவுங்க, இரும்புக் கம்பி படும். அந்த இடத்துல மட்டும் கவரைப் பிரிச்சு ஓரம் தைக்கச் சொல்லுங்க. உங்க சீட்டுக்கு தரையில ஊன்ற கால் இருந்தா இன்னொன்னும் பாத்துக்கங்க, சில வண்டில பின்னாடி கால் வைக்கற தரைக்கு அடியில சாமான் வைக்கற பெட்டி இருக்கும், அந்த மூடி மேல காலை ஊனக்கூடாது, வண்டி மேனுவல்ல எழுதியிருக்கும்.

ஓசூர்: நான் தனியாதான் ஓட்டுவேன் சிஸ். முன்சீட்டுல வச்சா முகம் பாத்துக்கிட்டே போலாமே?

வேண்டாம்மா. ஏர்பேக் இருக்கற முன்சீட்டுல பின்பக்கம் பாத்த சீட்டை வைக்கறது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. அந்தப் பை கண்ணு இமைக்கறதுக்குள்ள வெடிச்சு விரியும், விரியற இடத்துல குழந்தை தலைக்குப் பின்னாடி இருக்கற சீட்டோட முதுகு இருக்கும். சன் வைசர்ல ஒரு படம் ஒட்டியிருப்பாங்களே, குறுக்கே கோடு போட்டு, அது இதுக்குத்தான். 2022ல இருந்து வர்ற புது கார் எல்லாத்துலயும் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் உண்டு, அதை ஆஃப் பண்ற சுவிட்ச் நம்ம ஊரு வண்டி எல்லாத்துலயும் இருக்காது. முகம் பாக்கணும்னு மனசு அடிச்சுக்கும், எனக்கும் அடிச்சுச்சு. அழுதா ஓரமா நிறுத்திப் பாருங்க.

ஈரோடு: பெல்ட் எவ்ளோ டைட்டா போடணும்? குழந்தைக்கு வயிறு அழுந்துமேன்னு பயமா இருக்கு.

தோள்பட்டை எலும்பு கிட்ட பட்டையை ரெண்டு விரல்ல மேலயும் கீழயும் கிள்ளிப் பாருங்க. துணி மடிப்பு கையில சிக்குச்சுன்னா லூஸ். விரல் வழுக்கிட்டுப் போச்சுன்னா சரி. குழந்தையை துணியில சுத்தி, அப்படியே மூட்டையா வச்சு மேல பெல்ட் போடாதீங்க, நம்ம ஆஸ்பத்திரில சுத்திதான் கையில குடுப்பாங்க. கை கால் வெளிய இருக்கற சட்டையைப் போட்டு, பெல்ட் மாட்டி, அதுக்கு மேல துணியைப் போத்துங்க. ஸ்வெட்டரும் அப்படித்தான். தலை ஆடுதுன்னு தனியா தலகாணி வாங்கி வைக்காதீங்க, சீட்டோட வந்த குஷன் மட்டும்தான்.

பெங்களூர்: மூணாம் மாசம் முடிஞ்சு அம்மா வீட்டுல இருந்து குழந்தையைக் கூட்டிட்டு வரணும், திருநெல்வேலில இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல. கார்லயே வந்துரலாமா?

என்னைக் கேட்டா நைட் ட்ரெயின்ல கீழ் பெர்த் போடுங்க. கார்தான்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சா சீட்டுல வைக்காதீங்க, நிறுத்தி, வெளிய எடுத்து, பால் குடுத்து, கொஞ்ச நேரம் நேரா படுக்க வச்சுட்டு அப்புறம் கிளம்புங்க. பொறந்து முதல் சில வாரத்துல இருக்கற குழந்தைன்னா அரை மணி நேரமே போதும்னு சொல்வாங்க. ஓடற வண்டில பால் குடுக்க சீட்டுல இருந்து எடுக்கறது, "அஞ்சு நிமிஷம்தானே"ன்னு எல்லாரும் பண்றதுதான், பண்ணாதீங்க. வீட்டுக்கு வந்ததும் தூங்குதேன்னு அந்தக் கூடையிலயே விட்டுறாதீங்க. கார் சீட் தூங்க வைக்கறதுக்கு இல்ல.

நாமக்கல்: நாத்தனார் சீட்டைத் தர்றேங்கறாங்க. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க.

விபத்துல மாட்டாத சீட்டான்னு நம்பிக் கேக்கலாமே, நாத்தனார்தானே. அடியில ஒரு தேதி அச்சடிச்சிருக்கும், அதையும் பாருங்க, பிளாஸ்டிக்குக்கும் ஆயுசு உண்டு, கம்பெனியைப் பொறுத்து 6ல இருந்து 10 வருஷம். மாடியில வெயில்ல கிடந்ததா, பக்கிள் சரியா க்ளிக் ஆகுதா, பட்டை பிரிஞ்சிருக்கான்னு பாத்துட்டு தாராளமா வாங்கிக்கங்க. முன்பின் தெரியாதவங்ககிட்ட ஆன்லைன்ல வாங்கற பழசு மட்டும் வேண்டாம்.

காரைக்குடி: அமெரிக்காவுல இருக்கற அண்ணன் அங்கருந்து ஒரு நல்ல சீட் கொண்டு வர்றேங்கறான்.

அவசரப்படாதீங்க. அந்த ஊரு கார்ல சீட் பெல்ட்டை முழுசா இழுத்து விட்டா அப்படியே லாக் ஆகி நிக்கும், அதை நம்பித்தான் அங்க பல சீட்டு செஞ்சிருப்பாங்க. நம்ம கார் பெல்ட் வண்டி சடக்குனு நின்னாதான் லாக் ஆகும், மத்த நேரம் லூஸா ஓடும். சீட்டுலயே பெல்ட்டை இறுக்கற பூட்டு இருக்கான்னு அண்ணனைப் பாக்கச் சொல்லுங்க. இல்லன்னா வேற ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லுங்க, சாக்லேட்டாச்சும்.

சிங்கப்பூர்: இங்க டாக்ஸிக்கு தேவையில்லைங்கறாங்க, சரியா?

1.35 மீட்டருக்குக் கீழ உள்ள குழந்தைக்கு சீட் கட்டாயம், மீட்டர் டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. ஆப்ல வர்ற தனியார் காருக்கு விலக்கு கிடையாது. சட்டம் விலக்குக் குடுத்தாலும் மோதல் குடுக்காதுல்ல, பெல்ட்டால மாட்டற கூடை சீட்டா வாங்கினா டாக்ஸிலயும் கொண்டு போலாம்.

தஞ்சாவூர்: 9 கிலோ ஆனதும் முன்பக்கம் திருப்பலாம்னு பெட்டியில இருக்கு. பையனுக்கு 8 மாசத்துலயே 9 கிலோ வந்துரும் போல, காலும் மடங்குது.

திருப்பாதீங்க. "லாம்"னுதான் போட்டிருக்கு, திருப்பணும்னு இல்ல. பொறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்துல கால்வாசி தலைதான், அந்தத் தலையைத் தாங்கற கழுத்து எலும்பு இன்னும் முழுசா சேந்திருக்காது. முன்பக்கம் பாத்து உக்காந்தா உடம்பை பெல்ட் பிடிச்சுக்கும், தலை மட்டும் முன்னாடி பாயும். பின்பக்கம் பாத்தா தலை, கழுத்து, முதுகு மூணையும் சேத்து சீட்டோட முதுகு தாங்கிரும். குறைஞ்சது 15 மாசம், சீட் இடம் குடுக்கற வரைக்கும் அதுக்கு மேலயும். அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கமும் 2018ல அதையேதான் சொல்லிருச்சு, சீட்டோட எடை உயரம் முடியற வரைக்கும்னு. கால் மடங்கறதுக்குக் கவலைப்படாதீங்க, தரையில உக்காரும்போது சம்மணம் போட்டுத்தானே உக்கார்றாங்க.

திருப்பூர் மறுபடியும்: அக்கா, சீட் வந்துருச்சு, கூடை மாதிரிதான் வாங்கினோம். அத்தை தொட்டுப் பாத்துட்டு "இதுல காத்து வருமா, புள்ளைக்கு வேர்க்காதா"ன்னு கேக்கறாங்க.

வேர்க்கும், அத்தை கேக்கறது நல்ல கேள்வி. வண்டியை வெயில்ல நிறுத்தினா சீட்டு மேல ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடி வைங்க, உக்கார வைக்கறதுக்கு முன்னாடி பக்கிளோட இரும்பை உங்க கையால தொட்டுப் பாருங்க, சித்திரை வெயிலுக்கு சூடு வச்ச மாதிரி இருக்கும். அஞ்சு நிமிஷம் ஏசியைப் போட்டுட்டு அப்புறம் ஏத்துங்க. ஒரு சுத்து காட்டன் சட்டை போதும், குல்லா வேண்டாம். கூடைக்கு மேல துண்டு போட்டு மூடாதீங்க, உள்ள காத்து நின்னுரும். பிடரியில கையை வச்சுப் பாக்கற வேலையை அத்தைகிட்டயே குடுத்துருங்க, ஈரமா இருந்தா ஏசியைக் கூட்டச் சொல்லுவாங்க. குழந்தை வர்றதுக்கு முன்னாடி ஒரு மூணு கிலோ அரிசிப் பையை அதுல கட்டி ரெண்டு பேரும் ரெண்டு மூணு தடவை மாட்டிக் கழட்டிப் பாருங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு வாசல்ல ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்போது கத்துக்கற விஷயம் இல்ல அது.